போர்ட் 22-ஐ மூடறதுக்கு முன்னாடி: செக்யூரிட்டி பாலிசி எழுதறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனங்கள்ல செக்யூரிட்டி பாலிசி எழுதற எல்லாருக்கும் வணக்கம்.

நான் சர்வர் பாக்கற வேலைல இருக்கேன். நீங்க எழுதற பாலிசி கடைசில எங்க கைக்குத்தான் வரும், அத சர்வர்ல அமல்படுத்தறது நாங்கதான். அதனால இத உங்களுக்கே நேரா எழுதறேன். எஸ்எஸ்ஹெச் (தூரத்துல இருக்கற சர்வருக்குள்ள என்க்ரிப்ட் பண்ணி லாகின் ஆகற முறை, வழக்கமா போர்ட் 22-ல ஓடும்) விஷயத்துல ரொம்ப நாளா ஒரே சண்டை ஓடிட்டு இருக்கு. ஒரு பக்கம் "எஸ்எஸ்ஹெச் பழைய காலத்து சமாச்சாரம், மாசத்துக்கு ஒரு ஓட்டை வெளிய வருது, போர்ட் 22-ஐ மொத்தமா மூடிட்டு பிரவுசர் வழியா உள்ள போற மாதிரி ஒரு போர்ட்டல் வாங்கிடலாம்"னு சொல்றீங்க. இன்னொரு பக்கம் எங்க ஆளுங்க "எல்லாம் என்க்ரிப்ட் ஆகித்தான போகுது, பாஸ்வேர்ட் லாகின ஆஃப் பண்ணி கீ (பிரைவேட், பப்ளிக்னு ஜோடியா இருக்கற டிஜிட்டல் சாவி) மட்டும்தான் வச்சிருக்கோம், இதுக்கு மேல என்ன வேணும்"னு பதில் சொல்றாங்க. எனக்கு ரெண்டுமே தப்பா படுது. எஸ்எஸ்ஹெச்சோட என்க்ரிப்ஷன் இன்னிக்கும் நல்ல உறுதியா நிக்குது. ஓட்டை இருக்கறது யார் உள்ள வரலாம், எது வரைக்கும் வரலாம், எந்த சர்வர நம்பலாம்ங்கிற கணக்கு வழக்குலதான், அந்த பக்கத்த உங்க பாலிசி தொடறதே இல்ல.

மொதல்ல பலத்த சொல்லிடறேன், ஏன்னா அத மறந்துட்டுத்தான் பாதி பேர் மூடு மூடுன்னு சொல்றாங்க. 1995-க்கு முன்னாடி தூரத்துல இருக்கற மெஷினுக்குள்ள போகணும்னா டெல்நெட், ஆர்லாகின் இதுங்கதான். டெல்நெட்ல நீங்க அடிக்கற பாஸ்வேர்ட் ஒவ்வொரு எழுத்தா அப்படியே பச்சையா கம்பில போகும், நடுவுல ஒருத்தன் டிசிபிடம்ப்னு நெட்வொர்க்க ஒட்டுக்கேக்கற டூல் ஓட்டிட்டு உக்காந்திருந்தா அவ்ளோதான், படிச்சு எழுதி வச்சிக்கலாம். ஹெல்சிங்கி தொழில்நுட்ப பல்கலைக்கழகத்து நெட்வொர்க்ல இப்படித்தான் ஒருத்தன் பாஸ்வேர்டுகள ஒட்டுக்கேட்டு திருடினான், அதுக்கு பதிலாத்தான் அங்க இருந்த டாட்டு இலோனென் 1995-ல எஸ்எஸ்ஹெச் எழுதி வெளியிட்டார். எஃப்டிபி 21, டெல்நெட் 23, நடுவுல காலியா இருந்த 22-ஐ கேட்டு வாங்கினார். 1999-ல ஓப்பன்பிஎஸ்டிங்கிற ஆபரேட்டிங் சிஸ்டத்தோட குழு இத எடுத்து ஓப்பன்எஸ்எஸ்ஹெச்னு கொண்டு வந்தாங்க, இன்னிக்கு கிட்டத்தட்ட எல்லா லினக்ஸ் சர்வர்லயும் ஓடறது அதுதான்.

அதுல இருந்து இது சும்மா நிக்கல. ஒவ்வொரு செஷனுக்கும் புதுசா ஒரு ரகசியத்த ரெண்டு பக்கமும் சேர்ந்து உருவாக்கிக்கறதால, நாளைக்கே சர்வரோட ஹோஸ்ட் கீ (சர்வர் தன் அடையாளத்த நிரூபிக்கற சாவி) திருடு போனாலும் நேத்து வரைக்கும் பதிவு பண்ணி வச்ச டிராஃபிக்க அத வச்சு பிரிக்க முடியாது. இன்னிக்கு டேட்டாவ அள்ளி வச்சிக்கிட்டு குவாண்டம் கம்ப்யூட்டர் வந்ததும் உடைச்சுக்கலாம்னு யாராவது நினைச்சா அதுக்கும் 2022 ஏப்ரல்ல வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 9.0-லயே போஸ்ட் குவாண்டம் கீ எக்ஸ்சேஞ்ச டிஃபால்ட்டா போட்டுட்டாங்க. ஷா-1 போட்டு கையெழுத்து போடற பழைய ஆர்எஸ்ஏ முறைய 2021-ல ஆஃப் பண்ணாங்க, டிஎஸ்ஏங்கிற இன்னொரு பழைய கையெழுத்து முறைய 2025-ல கோட்ல இருந்தே தூக்கிட்டாங்க. நீங்க வாங்க சொல்ற போர்ட்டல்ல இதெல்லாம் எந்த வருஷம் வந்துச்சுன்னு விக்கறவங்கள கேட்டு பாருங்க. பயன்பாட்டு பக்கமும் சொல்லணும், ஒரே கனெக்ஷன்ல ஷெல், ஃபைல் காப்பி, கிட், ஆர்சிங்க், ஆன்சிபிள் எல்லாம் ஓடுது, லைன் எவ்ளோ மெதுவா இருந்தாலும் வேலை நடக்குது, நடுராத்திரி ஒரு சர்வர் திணறிட்டு இருக்கும்போது கடைசியா பதில் சொல்றது இந்த சர்வீஸ்தான்.

இப்ப ஓட்டைகளுக்கு வரேன், மறைக்க ஒண்ணும் இல்ல. முதல் வெர்ஷன் ப்ரோட்டோக்கால் அடிப்படையிலயே பலவீனமா இருந்துச்சு, அதனாலதான் ரெண்டாவது வெர்ஷனையே புதுசா எழுதி 2006-ல ஸ்டாண்டர்டா ஆக்கினாங்க. 2023 டிசம்பர்ல ஜெர்மனில போஹும் (Bochum) நகரத்து ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டெர்ரபின்னு ஒரு தாக்குதல காட்டினாங்க. நடுவுல உக்காந்திருக்கறவன், கனெக்ஷன் தொடங்கற ஹேண்ட்ஷேக்ல ஒரு மெசேஜ திணிச்சு, அதுக்கு பின்னாடி வர சில மெசேஜ்கள யாருக்கும் தெரியாம முழுங்கிட முடியும்னு நிரூபிச்சாங்க. அத வச்சு உங்க பாஸ்வேர்ட படிக்க முடியாது, ஆனா சில பாதுகாப்பு வசதிகள ஆஃப் ஆக வைக்கலாம், 9.6-ல ஸ்ட்ரிக்ட் கீ எக்ஸ்சேஞ்ச்னு ஒண்ணு போட்டு அடைச்சாங்க. 2001-லயே இன்னொரு ஆய்வு வந்துச்சு, கீபோர்ட்ல ஒரு எழுத்துக்கும் அடுத்த எழுத்துக்கும் நடுவுல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாக்கெட்ட வச்சே அளந்து பாஸ்வேர்ட யூகிக்கறத சுலபமாக்கலாம்னு. அதுக்கு பதில் 2023-ல வந்த 9.5-லதான் வந்துச்சு, நீங்க கொஞ்சமா டைப் பண்ணிட்டு இருந்தாலும் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு பாக்கெட்னு சீரா அனுப்பி, நடுவுல பொய் பாக்கெட்டும் கலந்து விடுது. இருபது வருஷத்துக்கு மேல தாமதம்தான், ஒத்துக்கறேன்.

2024 எங்களுக்கு ரொம்ப மோசமான வருஷம். மார்ச் கடைசில எக்ஸ்இசட்ங்கிற ஃபைல் சுருக்கற லைப்ரரில ஒளிச்சு வச்ச பின்கதவு, ஏப்ரல்ல புட்டிங்கிற எஸ்எஸ்ஹெச் கிளையண்ட்ல ஒரு ஓட்டை, ஜூலைல ரெக்ரெஷன்னு பேர் வச்ச சர்வர் ஓட்டை. உங்க மீட்டிங்ல இந்த மூணையும் ஒரே ஸ்லைடுல போட்டு எஸ்எஸ்ஹெச் வேணாம்னு காட்டறீங்க. ஆனா மூணும் மூணு விதம், சேத்து வச்சு பேசினா எதுக்கும் சரியான மருந்து கிடைக்காது. எக்ஸ்இசட் விஷயத்துல ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கோட்ல தப்பே இல்ல, அது அந்த லைப்ரரிய பயன்படுத்தறதும் இல்ல. சில டிஸ்ட்ரோக்கள் (லினக்ஸ தொகுத்து வெளியிடறவங்க) சிஸ்டம்டிக்கு (சர்வீஸ்கள தொடங்கி பாத்துக்கற ப்ரோகிராம்) தகவல் சொல்றதுக்காக தாங்களா ஒரு பேட்ச் போட்டாங்க, அந்த பேட்ச் லிப்சிஸ்டம்டிய இழுத்துட்டு வந்துச்சு, அது எக்ஸ்இசட்ட இழுத்துட்டு வந்துச்சு, அந்த சங்கிலியோட கடைசில ஒருத்தன் வருஷக்கணக்கா நல்ல பேர் சம்பாதிச்சு உக்காந்திருந்தான். கண்டுபிடிச்சது ஆண்ட்ரெஸ் ஃப்ராயண்ட்னு ஒரு டெவலப்பர், லாகின் வழக்கத்த விட அரை செகண்ட் அதிகமா எடுக்குதேன்னு விடாம தோண்டினதாலதான் பெரும்பாலான ஸ்டேபிள் டிஸ்ட்ரோக்களுக்குள்ள போறதுக்கு முன்னாடியே பிடிபட்டுச்சு. அந்த மனுஷன் அந்த அரை செகண்ட பொருட்படுத்தாம விட்டிருந்தா இன்னிக்கு நாம பேசிட்டு இருக்கறதே வேற விஷயமா இருந்திருக்கும்.

புட்டில நடந்தது வேற. பி-521ங்கிற வளைவு கணக்க பயன்படுத்தற கீல கையெழுத்து போடும்போது ரேண்டமா இருக்க வேண்டிய ஒரு எண்ணோட முதல் 9 பிட் எப்பவுமே பூஜ்யமா இருந்துச்சு, அதனால சுமார் 60 கையெழுத்து கிடைச்சா பிரைவேட் கீயவே கணக்கு போட்டு எடுத்துடலாம், பேட்ச் பண்ணா மட்டும் போதாது, அந்த கீயயே தூக்கி போடணும். இத அப்டேட் பண்ணியாச்சுன்னு டிக் போட்டுட்டு கீய அப்படியே விட்டவங்க நிறைய பேர் இருப்பாங்கன்னு எனக்கு உள்ளுக்குள்ள பயம் இருக்கு. 2008-ல டெபியன்ங்கிற லினக்ஸ் டிஸ்ட்ரோல வெளிவந்ததும் இதே ரகம், ஒரு வரிய எடுத்ததால ரேண்டம் எண்ணுக்கு ப்ராசஸ் ஐடி மட்டும்தான் மிச்சம், ஒரு வகை கீக்கு மொத்தமே 32,768 சாத்தியம்தான். ரெக்ரெஷன் மட்டும்தான் நேரா எஸ்எஸ்ஹெச் சர்வரோட தப்பு, 2006-ல அடைச்ச ஒரு ஓட்டை 2021 மார்ச்ல 8.5 வெளிவந்தப்ப திரும்ப திறந்துடுச்சு, லாகின் பண்ணாமலே ரூட் (முழு அதிகாரம் உள்ள யூசர்) ஆகிடலாம். ஆனா குவாலிஸ்ங்கிற செக்யூரிட்டி கம்பெனி ஆளுங்க சோதிச்சு பாத்தப்ப 32 பிட் மெஷின்லயே சுமாரா 10,000 முயற்சி, 6ல இருந்து 8 மணி நேரம் தேவைப்பட்டுச்சு. அவ்ளோ நேரம் ஒருத்தன் கதவ தட்டறத கவனிக்காத சர்வருக்கு எந்த போர்ட்டலும் உதவாது.

போர்ட்டல் பத்தி ஒரு வார்த்தை. லாகின ஒரே இடத்துல கட்டுப்படுத்தலாம், செஷன ரெக்கார்ட் பண்ணலாம், வேலைய விட்டு போனவங்க அக்கவுண்ட்ட ஒரே கிளிக்ல நிறுத்தலாம், இதெல்லாம் நிஜமான நன்மை, நான் மறுக்கல. ஆனா அதுவும் வெளிய பாத்து திறந்திருக்கற ஒரு சாஃப்ட்வேர்தான, அதுல ஓட்டை விழாதுன்னு யார் சொன்னது. 2019-ல விண்டோஸோட ரிமோட் டெஸ்க்டாப்ல ப்ளூகீப் வந்தப்ப சப்போர்ட் எப்பவோ முடிஞ்சு போன எக்ஸ்பிக்கே மைக்ரோசாஃப்ட் பேட்ச் குடுக்க வேண்டி வந்துச்சு. அதுவும் என்க்ரிப்ட் ஆன ரிமோட் லாகின்தான். இன்னொண்ணு, போர்ட்டல் படுத்துடுச்சுன்னா அத எழுப்பறதுக்கு உள்ள எது வழியா போவீங்க? கடைசில அதுக்கும் ஒரு மூலைல எஸ்எஸ்ஹெச் வழி ஒண்ணு விட்டு வைப்பீங்க, அந்த வழி யார் கண்ணுலயும் படாம கிடக்கும், அதுதான் எனக்கு அதிகமா கவலை.

சரி, நிஜமான பலவீனத்துக்கு வருவோம். எந்த பழைய சர்வர்ல வேணா உள்ள போய் ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல (எந்தெந்த கீ உள்ள வரலாம்னு எழுதி வச்ச பட்டியல்) திறந்து பாருங்க. ஒரு வரிக்கு ஒரு கீ. முதல்ல கீ வகை, அப்புறம் புரியாத எழுத்து நீளமா, கடைசில ஒரு சின்ன கமெண்ட், அதுல யாரோட பேரும் லேப்டாப் பேரும் இருக்கும். சில வரில டெஸ்ட்னு இருக்கும், சில வரில டெம்ப் டெலீட் லேட்டர்னு இருக்கும், சில வரில கமெண்டே இருக்காது. அந்த பேர்ல பாதி பேர் வேலைய விட்டு போயிருப்பாங்க, சில வெண்டர்களோட காண்ட்ராக்ட் முடிஞ்சு ரொம்ப நாள் ஆகியிருக்கும், ஆனா அந்த வரி உயிரோட இருக்கும். கீ எப்ப உருவாச்சு, எப்ப சேத்தாங்க, யார் அனுமதி குடுத்தாங்க, கடைசியா எப்ப பயன்படுத்தினாங்க, ஒண்ணுமே அந்த ஃபைல்ல கிடையாது. எக்ஸ்பைரி டேட்டும் நாமளா போட்டாத்தான் உண்டு. நீங்க ஹெச்ஆர் சொன்ன உடனே மெயில் அக்கவுண்ட்ட மூடறீங்க, ஆனா அந்த ஆளோட கீ எத்தன சர்வர்ல எத்தன யூசர் பேருக்கு கீழ இருக்குன்னு யாருக்கும் தெரியாது. நான் இருந்த ஒரு இடத்துல பாஸ்வேர்ட 90 நாளைக்கு ஒரு தடவ மாத்தணும்னு பாலிசில ஒரு பக்கத்துக்கு விதி இருந்துச்சு, எஸ்எஸ்ஹெச் கீ பத்தி இருந்தது ஒரே ஒரு வரி, கீக்கு பாஸ்ஃப்ரேஸ் போட்டிருக்கணும்னு. அந்த ஒரு வரியையும் சர்வரால சோதிக்கவே முடியாதுங்க. பாஸ்ஃப்ரேஸ் இருக்கறது யூசரோட லேப்டாப்ல கிடக்கற பிரைவேட் கீ ஃபைல்ல, சர்வருக்கு வந்து சேர்றது கையெழுத்து மட்டும்தான், அத போட்ட கீ பூட்டி இருந்துச்சா திறந்து கிடந்துச்சான்னு சர்வருக்கு எப்படி தெரியும்? சோதிக்க முடியாத விதிய எழுதி வச்சிட்டு ஆடிட்ல டிக் போட்டா யாருக்கு பாதுகாப்பு? பாஸ்வேர்ட காரணமே இல்லாம குறிப்பிட்ட நாளைக்கு ஒருதரம் மாத்த சொல்லி கட்டாயப்படுத்த வேணாம்னு அமெரிக்காவோட தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் 2017-லயே சொல்லியாச்சு, அதுக்கு செலவாகற உழைப்ப இந்த பக்கம் திருப்பி விட்டா கூட எவ்வளவோ நடக்கும்.

ரெண்டாவது பலவீனம், முதல் தடவ கனெக்ட் ஆகும்போது வர கேள்வி. இந்த ஹோஸ்ட் நிஜமானதுதானான்னு எனக்கு தெரியல, ஃபிங்கர்பிரிண்ட் (ஹோஸ்ட் கீயோட சுருக்க அடையாளம்) இது, தொடரலாமான்னு கேக்கும். ஷா256னு போட்டு பின்னாடி 43 எழுத்து. அந்த 43 எழுத்த எதோட ஒப்பிடணும்னு யாருமே சொல்லி குடுக்கலன்னா மனுஷன் என்ன பண்ணுவான், எஸ்னு (yes) அடிச்சிட்டு போவான். எல்லாரும் அதத்தான் பண்றோம். நடுவுல ஒருத்தன் சர்வர் மாதிரி நடிச்சா பாஸ்வேர்ட் லாகின்ல பாஸ்வேர்ட அப்படியே அவன் கைல குடுக்கறோம். கீ லாகின்ல அந்த கையெழுத்து அந்த ஒரு செஷனோட கட்டி இருக்கறதால அத வச்சு அவன் நிஜ சர்வருக்கு போக முடியாது, அது வரைக்கும் நல்லது, ஆனா போலி சர்வர்ல உக்காந்து நாம சூடோவுக்கு (ரூட் அதிகாரத்துல கமாண்ட் ஓட்டறதுக்கு) அடிக்கற பாஸ்வேர்ட் அவனுக்கு போய் சேந்துடும். இதோட ஸ்க்ரிப்ட்ல ஸ்ட்ரிக்ட் ஹோஸ்ட் கீ செக்கிங் நோன்னு போட்டு கேள்வியையே வரவிடாம பண்ணி வச்சிருக்கற இடங்கள் ஏராளம். 2023 மார்ச்ல கோட் சேமிக்கற தளமான கிட்ஹப் தன்னோட ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீ ஒரு பப்ளிக் ரெப்போல கொஞ்ச நேரம் தெரிஞ்சிடுச்சுன்னு சொல்லி கீய மாத்தினாங்க, நேர்மையான முடிவு, ஆனா உலகம் முழுக்க டெவலப்பர்கள் ஸ்க்ரீன்ல ஹோஸ்ட் அடையாளம் மாறிடுச்சுன்னு பெரிய எச்சரிக்கை வந்துச்சு, எத்தன பேர் புது ஃபிங்கர்பிரிண்ட்ட ஒப்பிட்டு பாத்திருப்பாங்க, எத்தன பேர் பழைய வரிய அழிச்சிட்டு எஸ் அடிச்சிருப்பாங்க? உங்களால செய்ய முடிஞ்ச ஒரு சின்ன காரியம் இருக்கு. எல்லா சர்வரோட ஃபிங்கர்பிரிண்ட்டையும் உள் தளத்துல ஒரு பக்கத்துல போட்டு வையுங்க. 2019-ல வந்த 8.0-ல இருந்து எஸ்னு அடிக்கறதுக்கு பதிலா அந்த ஃபிங்கர்பிரிண்ட்டயே அங்க பேஸ்ட் பண்ணலாம், சரியா இருந்தாத்தான் தொடரும், கண்ணால 43 எழுத்த ஒப்பிடற வேலையே வேணாம்.

ஏஜெண்ட் ஃபார்வர்டிங் (லேப்டாப்ல இருக்கற கீய நடு சர்வர்ல இருந்தும் பயன்படுத்த விடற வசதி) பத்தியும் உங்க பாலிசில ஒரு வார்த்தை இல்ல. ஒரு சர்வர் வழியா இன்னொரு சர்வருக்கு போறதுக்கு வசதிதான், ஆனா நடுவுல இருக்கற சர்வர்ல ரூட் வச்சிருக்கறவன் அந்த கனெக்ஷன் இருக்கற வரைக்கும் உங்க கீய உங்க பேர்ல பயன்படுத்திக்கலாம். 2019-ல மேட்ரிக்ஸ்ங்கிற சாட் தளத்துக்குள்ள ஊடுருவினவன் இப்படித்தான் ஒரு சர்வர்ல இருந்து அடுத்ததுக்கு போனான், அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. 2016-ல இருந்தே ப்ராக்ஸிஜம்ப் இருக்கு, அதுல நடு சர்வர் வெறும் பாதைதான், கீ உங்க லேப்டாப்ப விட்டு நகராது. ஃபார்வர்டிங்க தடை பண்ணுங்க, இத சொல்லி குடுங்க, யார் வேலையும் நிக்காது. போர்ட் ஃபார்வர்டிங் (எஸ்எஸ்ஹெச் கனெக்ஷனுக்குள்ள வேற டிராஃபிக்க கொண்டு போறது) கொஞ்சம் சிக்கலானது, எங்களுக்கு தினமும் தேவை, ஆனா ஃபயர்வால் வழியா உள்ள இருந்து வெளிய ஒரு குழாய் போட்டா உங்க மானிட்டரிங்குக்கு ஒண்ணும் தெரியாது, அதனால யாருக்கு எந்த போர்ட் வரைக்கும்னு பர்மிட்ஓப்பன்ங்கிற செட்டிங் வச்சு கட்டுங்க, மொத்தமா மூடாதீங்க.

அப்ப என்ன பண்ணலாம்னு கேப்பீங்க. என் கருத்துல பெரிய மாற்றம் ஒண்ணே ஒண்ணுதான், சர்டிஃபிகேட்டுக்கு மாறறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்ல 2010-லயே வந்தாச்சு, இத்தன வருஷம் ஆகியும் பயன்படுத்தற இடம் குறைவு. காலைல ஒருத்தர் ரெண்டு கட்ட சரிபார்ப்போட லாகின் பண்ணா அவர் கீக்கு எட்டு மணி நேரமோ பத்து மணி நேரமோ செல்லுபடியாகற சர்டிஃபிகேட் கிடைக்கும், சாயங்காலம் அது தானா செத்துடும். சர்வர்ல ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைலே வேணாம், நம்ம சிஏவோட (சர்டிஃபிகேட்ல கையெழுத்து போடற அமைப்பு) பப்ளிக் கீ ஒண்ணு போதும். சர்வர்களுக்கும் ஹோஸ்ட் சர்டிஃபிகேட் குடுத்துட்டா மேல சொன்ன எஸ் நோ கேள்வியும் வராது. ஒருத்தர் வேலைய விட்டு போனா சர்வர் சர்வரா தேட வேண்டியதில்ல, நாளைக்கு காலைல அவருக்கு சர்டிஃபிகேட் கிடைக்காது, கதை முடிஞ்சுது.

இதுலயும் ஆபத்து இருக்கு, அதையும் சொல்லிடணும். சிஏவோட பிரைவேட் கீ ஒருத்தன் கைல மாட்டினா எல்லா சர்வரும் அவனுக்குத்தான். அத ஒரு சாதாரண மெஷின்ல ஃபைலா போட்டு வைக்கக்கூடாது, ஹார்டுவேர்ல பூட்டி வைக்கணும், அதுக்கு செலவு இருக்கு, பட்ஜெட்ல நீங்கதான் இடம் குடுக்கணும். சர்டிஃபிகேட் குடுக்கற சர்வர் படுத்துட்டா உள்ள போக அவசரத்துக்கு ஒரு ஹார்டுவேர் கீ சீல் வச்ச கவர்ல இருக்கணும், அத எடுத்தா அலாரம் அடிக்கணும்.

உடனே மாற முடியாதுன்னா அதுவும் பரவால்ல, நடுவுல செய்ய நிறைய இருக்கு. ஆத்தரைஸ்டு கீஸ் ஃபைல யூசரோட ஹோம்ல இருந்து எடுத்து ரூட்டுக்கு சொந்தமான ஒரு டைரக்டரில வைங்க, அப்ப யாரும் தன் இஷ்டத்துக்கு நண்பனோட கீய சேக்க முடியாது. ஒவ்வொரு வரிக்கும் எக்ஸ்பைரி டைம் போடலாம், 2018-ல இருந்து அந்த வசதி இருக்கு. ப்ரொடக்‌ஷனுக்கு ஃபைடோ ஹார்டுவேர் கீ (தனி சாதனமா இருக்கற பாதுகாப்பு சாவி) குடுங்க, தொட்டாத்தான் கையெழுத்து, பின் நம்பர் போட்டாத்தான் கையெழுத்துன்னு சர்வர் பக்கமே கட்டாயமாக்கலாம். பாஸ்ஃப்ரேஸ் மாதிரி நம்பிக்கைல விடற விதி இல்ல இது. பேக்கப் ஸ்க்ரிப்ட்டுக்கு இருக்கற கீ பேக்கப் மட்டும்தான் எடுக்கணும்னு கமாண்ட்ட கட்டி வைக்கலாம், ஐபியையும் கட்டலாம். போர்ட்ட 22-ல இருந்து வேற நம்பருக்கு மாத்தறத மட்டும் பாதுகாப்புன்னு எழுதாதீங்க, லாக்ல சத்தம் குறையும், அது எங்களுக்கு சௌகரியம்தான், ஆனா தேடி வரவன் எல்லா போர்ட்டையும் ஸ்கேன் பண்ணிட்டுத்தான் வருவான்.

நான் கேக்கறது இதுதான். அடுத்த பாலிசி ரிவ்யூவுக்கு சர்வர் பாக்கற டீம்ல இருந்து ஒருத்தரயாவது உள்ள கூப்பிடுங்க. அதுக்கு முன்னாடி எல்லா சர்வர்லயும் இருக்கற கீக்கள ஒரு லிஸ்ட்டா எடுக்க எங்களுக்கு நேரமும் அனுமதியும் குடுங்க, ஒவ்வொரு வரிக்கும் எதிர்ல இப்ப வேலைல இருக்கற ஒருத்தரோட பேர் வரணும், பேர் வராத வரிய முன்கூட்டியே அறிவிச்சிட்டு தூக்கறதுக்கு எங்களுக்கு எழுத்துல ஒப்புதல் வேணும், ஏன்னா தூக்கின அன்னிக்கு எங்கயோ ஒரு பழைய ஜாப் நிக்கும், அப்ப எல்லாரும் எங்கள பாத்துத்தான் கை நீட்டுவாங்க. போர்ட்டல் வாங்கலாமா வேணாமாங்கிறத அந்த லிஸ்ட் கைக்கு வந்ததுக்கு அப்புறம் உக்காந்து பேசலாம், நானும் வரேன்.